அங்கியும் கணக்கும்



ஓர் ஊர் நகரமாவது எவ்விதம் என்பதைப் பற்றிச் சிறிது நேரம் பேசவேண்டும் என்று கழகத்தார் கட்டளையிட்டிருக்கிறார்கள். இந்த விஷயம் கேட்பதற்குச் சுவையற்றதாகத் தோன்றலாம். வார்டு, தீர்மானம், அரசிதழ் அறிவிப்பு, ஆட்சேபணை மனு என்று இதில் வரும் சொற்கள் எல்லாம் அலுவலகத்துத் தூசி படிந்தவை. ஆனாலும், இதுவரையில் அவரவர் வாசலை அவரவர் பெருக்கிக்கொண்டு, பொதுக் கிணற்றைப் பற்றி மட்டும் எப்போதாவது ஆலமரத்தடியில் கூடிப் பேசிவந்த ஒரு குடியிருப்பு, ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்து தன் பேரால் நிலம் வாங்கவும், கடன்படவும், வழக்குத் தொடுக்கவும், வரி விதிக்கவும் வல்லதாய், அதில் வசிக்கும் மனிதர் எல்லோரும் மறைந்த பின்னும் தான் மறையாத ஒரு நபராய்ச் சட்டத்தின் முன்னே எழுந்து நிற்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், இதைவிட விந்தையான பிறப்பு வேறொன்று உண்டா என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தகைய சொற்பொழிவுகள் சோழர் காலத்து ஊர்ச்சபைச் சாசனங்கள் உள்ள உத்திரமேரூரில் தொடங்கவேண்டும் என்பது சம்பிரதாயம். நான் அங்கே தொடங்கப்போவதில்லை. வழியில் ஒருமுறை இறங்கி, ஒரே ஒரு ஷரத்தை மட்டும் படித்துவிட்டு மேலே போகலாம். நான் தொடங்க விரும்புவது சென்னைப்பட்டணத்தில். அதுவும் இன்றைய மாநகரத்தில் அல்ல. கோட்டையும், கோட்டையைச் சுற்றிச் சில தெருக்களும், அவற்றுக்கு வடக்கே கிழக்கிந்தியக் கும்பினியார் கறுப்பர் பட்டணம் என்று அழைத்த நெசவாளர், வணிகர் குடியிருப்பும் மட்டுமே இருந்த பதினேழாம் நூற்றாண்டின் சிறு பட்டணத்தில்.

1639ஆம் ஆண்டில் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கரிடம் கும்பினிக்காகப் பிரான்சிஸ் டே அனுமதி பெற்ற அந்தக் கடற்கரை மணல், ஐம்பது ஆண்டுகளுக்குள் துணி வியாபாரத்தால் செழித்த ஊராகிவிட்டது. செழித்த ஊருக்குச் செலவும் உண்டு; காவல் வேண்டும், மதில் வேண்டும், குப்பை அள்ள ஆள் வேண்டும். இச்செலவை ஊராரே ஏற்கவேண்டும் என்பது லண்டனிலிருந்த கும்பினி டைரக்டர்களின் இடையறாத வற்புறுத்தல். ஆனால் 1680களில் வீட்டு வரி விதிக்க முற்பட்டபோது சாதித் தலைவர்கள் ஒன்றுகூடி மறுத்தார்கள், கடைகள் அடைபட்டன, கோட்டையார் மிரட்டினார்கள். மிரட்டி வசூலிக்கலாம்தான். எனினும் நெசவாளனும் தரகனும் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த துறைமுகத்துக்குப் போய்விட்டால் கும்பினிக்கு வியாபாரம் ஏது?

இந்த இக்கட்டான நிலையில்தான் கும்பினியின் தலைவராக இருந்த சர் ஜோசையா சைல்டு ஓர் உபாயம் கண்டார். அவர் ஜனநாயகவாதி அல்லர். பணம் பண்ணத் தெரிந்தவர், பிடிவாதக்காரர், கிழக்கே டச்சுக்காரர்கள் ஆளும் விதத்தைப் பொறாமையோடு கவனித்துவந்தவர். அப்படிப்பட்டவர் எழுதிய கடிதங்களில், பிறர் சுமத்தும் ஒரு சிறு தொகையைக் கொடுக்க முணுமுணுக்கும் ஜனங்கள், தாங்களே கூடித் தங்கள் ஊர் நன்மைக்கென்று விதித்துக்கொண்டால் அதைப்போல் பத்து மடங்கையும் மனமுவந்து கொடுப்பார்கள் என்ற கருத்து வருகிறது. ஸ்தல சுயாட்சியின் தத்துவம் முழுவதையும் ஒரு வியாபாரி தன் லாப நஷ்டக் கணக்கிலிருந்து இவ்வளவு தெளிவாகக் கண்டுபிடித்தது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. ரிப்பன் பிரபுவைப் போற்றும் நாம் இந்தச் சைல்டை மறந்துவிட்டோம். அவர் போற்றத்தக்கவர் என்று நான் சொல்லவில்லை, ஆனால் மறக்கத்தக்கவர் அல்லர்.

சைல்டு கண்ட உபாயம், சென்னைக்கு ஒரு நகரசபை. அதற்குரிய சாசனத்தை அரசர் இரண்டாம் ஜேம்ஸ் தம் முத்திரையால் வழங்குவதா, கும்பினி தன் முத்திரையால் வழங்குவதா என்று ஒரு வாதம் எழுந்தது. அரசர் நேரே வழங்கினால் நகரசபை கவர்னருக்கு அடங்காமல் போய்விடக்கூடும் என்று கும்பினியார் அஞ்சினார்கள். முடிவில் கும்பினியின் முத்திரையே வென்றது. 1687ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதியிட்ட அச்சாசனத்தின்படி, 1688ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி சென்னை நகரசபை தொடங்கிற்று. மேயர் ஒருவர், ஆல்டர்மென் பன்னிருவர், அவர்களுக்குக் கீழே அறுபதுக்குக் குறையாத பர்ஜஸ்கள். கோட்டையிலிருந்து பத்து மைலுக்கு மேற்படாத பிரதேசம் அதன் எல்லை. முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன், அமெரிக்காவில் கனெக்டிகட் பகுதியில் பிறந்து ஹார்வர்டு கல்லூரியில் பயின்றவர். கவர்னராக இருந்து அவருக்குப் பிரமாணம் செய்வித்த எலிஹு யேல் பெயரால் இன்று அமெரிக்காவில் வேறொரு கல்லூரி விளங்குகிறது என்பது நீங்கள் அறிந்ததே.

அந்தச் சபையின் அமைப்பைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஆல்டர்மென் பன்னிருவரில் ஆங்கிலேயர் சிறுபான்மை. போர்த்துக்கீசியரும், வைர வியாபாரத்துக்காக வந்து குடியேறிய யூதரும், அவர்களோடு நம்மவர் மூவரும் இருந்தனர். சின்ன வெங்கடாத்ரி, முத்து வீரண்ணா, ஆலங்காத்தா பிள்ளை என்பன அம்மூவர் பெயர்கள். தங்கசாலைத் தெருவில் உள்ள ஏகாம்பரேசுவரர் கோயிலைக் கட்டியவராகச் சொல்லப்படுபவர் இந்த ஆலங்காத்தா பிள்ளையே. பர்ஜஸ் பதவிக்குச் சாதித் தலைவர்கள் உரியவர்கள் என்று கருதப்பட்டது. வரி வேண்டாம் என்று கடையடைத்தவர்களையே அழைத்து, வாருங்கள், வரியை நீங்களே விதியுங்கள் என்று ஆசனம் போட்டுக் கொடுத்த ராஜதந்திரம் இதில் இருக்கிறது.

ஆசனம் மட்டுமா? மேயரும் ஆல்டர்மென்களும் விசேஷ நாட்களில் சிவப்பு ஸெர்ஜ் துணி அங்கி அணியவேண்டும். பர்ஜஸ்களுக்குச் சீனத்து வெண்பட்டு அங்கி. முன்னால் தங்க முலாம் பூசிய வெள்ளிச் செங்கோல்கள் இரண்டு எடுத்துச் செல்லப்படவேண்டும். தெருவில் நடக்கும்போது தலைக்கு மேல் குடை பிடிக்கப்படவேண்டும். லண்டன் மேயரைப் போலக் குதிரை மீது ஊர்வலம் வரலாம். இத்தனையும் விதிக்கப்பட்டிருந்தன. இந்த நாட்டில் குடை என்பது வெயிலுக்கு மட்டும் உரியதல்ல, அந்தஸ்துக்கு உரியது என்பதை லண்டனில் இருந்தவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். செப்டம்பர் மாதத்துச் சென்னை வெயிலில், கம்பளி நூல் கலந்த செவ்வங்கிக்குள் வியர்த்து வழிந்தபடி அப்பெரியவர்கள் கோட்டையில் விருந்துண்டு நகரமண்டபம் நோக்கி நடந்திருப்பதை மனக்கண்ணால் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது.

அங்கி தைத்தாயிற்று; குடை விரித்தாயிற்று. வரி வந்ததா? வரவில்லை. நகரமண்டபம் கட்டவும், சிறைச்சாலை அமைக்கவும், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் பள்ளிக்கூடம் வைக்கவும் வரி விதிக்கலாம் என்று சாசனம் சொல்லிற்று. ஆயினும் வரி விதிக்கும் முயற்சி ஜனங்களின் மறுப்பால் பெரும்பாலும் நிறைவேறாமல் போயிற்று. வழக்குக் கேட்கும் மேயர் கோர்ட்டாக அந்தச் சபை சிறிது பெயர் பெற்றதே ஒழிய, ஊரை நடத்தும் சபையாக அது தலையெடுக்கவில்லை.

காரணம் என்ன என்று பார்த்தால், சைல்டின் தத்துவம் பொய்த்தது என்று நான் சொல்லமாட்டேன். அது பரீட்சிக்கப்படவே இல்லை. தாங்களே விதித்துக்கொண்டால் கொடுப்பார்கள் என்றார் அவர்; ஆனால் சபையில் உட்கார்ந்தவர்களை ஊரார் தேர்ந்தெடுக்கவில்லை, முதற்சபையினரைச் சாசனமே பெயர் சொல்லி நியமித்துவிட்டது. சபைக்கு மேலே கவர்னரும் அவர் கவுன்சிலும் இருந்தார்கள். விதித்த வரி எங்கே போகும், யார் கணக்குச் சொல்வார் என்று கறுப்பர் பட்டணத்து நெசவாளன் கேட்டிருந்தால் அவனுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. நம்மவர் மூவர் செவ்வங்கி அணிந்திருந்தது அவனுடைய சம்மதத்துக்கு ஈடாகிவிடவில்லை. பின்னர் 1726ஆம் ஆண்டு அரசரே புதுச்சாசனம் வழங்கியபோது ஆல்டர்மென் ஒன்பது பேராகக் குறைந்தனர். அவர்களில் எழுவர் பிறப்பால் பிரிட்டிஷ் பிரஜைகளாக இருக்கவேண்டும் என்று விதி வந்தது. பெயரளவுக்காவது இருந்த இந்தியப் பிரதிநிதித்துவமும் அத்துடன் மறைந்தது.

அதன் பிறகு நூறாண்டுக்கு மேலான கதையை நான் தாவிச் செல்கிறேன். 1850ஆம் ஆண்டில் வந்த சட்டம், ஓர் ஊரார் தாமே விரும்பி மனுச் செய்தால் அவ்வூரில் நகராட்சி அமைக்கலாம் என்றது. கேட்பதற்கு இனிய சட்டம். பம்பாய்ப் பக்கத்தில் அதை ஏற்றவர்கள் உண்டு, நம் மாகாணத்தில் வரவேற்பு இல்லை. வலியப் போய் வரியைக் கேட்டு வாங்கிக்கொள்ள நம்மவர் அவ்வளவு அப்பாவிகள் அல்லர். அப்புறம் 1865ஆம் ஆண்டின் பட்டண அபிவிருத்திச் சட்டம் வந்தது. மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம், கோயம்புத்தூர், கும்பகோணம் முதலிய ஊர்களில் 1866ஆம் ஆண்டில் நகரசபைகள் ஏற்பட்டது அதன் கீழேதான். அந்தச் சட்டத்தில் ஒரு ஷரத்து கவனிக்கத்தக்கது: ஊரில் போலீஸுக்கு ஆகும் செலவில் முக்கால் பங்கை நகரசபை கொடுக்கவேண்டும். கமிஷனர்களை நியமிப்பது சர்க்கார், போலீஸை நடத்துவது சர்க்கார், பணம் மாத்திரம் ஊராருடையது. அங்கி, குடை இவற்றின் செலவுகூட இந்தத் தடவை மிச்சம்.

ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டு மே 18ஆம் தேதித் தீர்மானம் இந்தப் போக்கை மாற்ற முயன்றது. சபைகளில் உத்தியோகஸ்தர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கலாகாது, இயன்ற இடங்களில் எல்லாம் தலைவர் உத்தியோகஸ்தர் அல்லாதவராக இருக்கவேண்டும், நிர்வாகம் சிறக்காவிட்டாலும் ஜனங்களுக்கு அரசியல் பயிற்சி கிடைப்பதே பெரிது என்றார் அவர். 1884ஆம் ஆண்டின் சென்னைச் சட்டமும், அதையடுத்து 1920ஆம் ஆண்டின் சட்டமும் தேர்தலுக்கு மேலும் மேலும் இடம் கொடுத்தன. அந்த இடைக்காலத்தில்தான் சேலத்தில் ராஜாஜியும் ஈரோட்டில் ஈ.வெ.ராவும் நகரசபைத் தலைவர்களாக இருந்தார்கள். பின்னாளில் எதிரெதிர்த் துருவங்களாக நின்ற இருவரும் ஒரே காலத்தில், பக்கத்துப் பக்கத்து ஊர்களில், சாக்கடையையும் குடிநீரையும் பற்றிக் கவலைப்பட்டுக் கொண்டிருந்தார்கள் என்பது நம் அரசியல் சரித்திரத்தின் ஓர் இனிய பக்கம். ரிப்பன் சொன்ன பயிற்சி இவ்விருவர் விஷயத்தில் வீண்போகவில்லை.

ஆனால் பாருங்கள், 1930ஆம் ஆண்டில் நியமன ஆசனங்கள் ஒழிக்கப்பட்டுச் சபை முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்டதாக ஆன உடனே, 1933ஆம் ஆண்டில் ஒரு திருத்தம் வந்து, நிர்வாக அதிகாரத்தைச் சேர்மன் கையிலிருந்து எடுத்துச் சர்க்கார் நியமிக்கும் கமிஷனர் கையில் வைத்தது. சேர்மன்கள் செய்த ஊழலும் கட்சிப் பூசலும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. அதில் உண்மையும் உண்டு, நான் மறுக்கவில்லை. எனினும் ஒரு கதவு திறக்கப்படும்போது மற்றொரு கதவு சாத்தப்படுவது இந்தச் சரித்திரத்தில் ஒரு தடவை நடந்த காரியம் அல்ல.

உத்திரமேரூரில் இறங்குவதாகச் சொன்னேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தச் சாசனங்களில் வரும் முப்பது குடும்புகளும், குடவோலையும், ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் எல்லோரும் அறிந்தவை. அது பிராமணர் ஊரின் சபை; கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உடையவர்க்கே அங்கே இடம்; அதை இன்றைய வயதுவந்தோர் வாக்குரிமைக்கு முன்னோடி என்று மேடையில் முழங்குவது எனக்கு உடன்பாடன்று. ஆயினும் ஒரு ஷரத்து என்னை நிற்கவைக்கிறது: முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாமல் இருந்தவனும், அவனுக்கு உறவுமுறைக்காரர் இன்னின்னாரும், குடத்தில் பெயர் இடப்பெறத் தகுதியற்றவர். அங்கியைப் பற்றி அந்தக் கல்லில் ஒரு வார்த்தையும் இல்லை. கணக்கைப் பற்றி இருக்கிறது. கணக்குக் காட்டாதவனோடு அவனுடைய மாமனையும் மைத்துனனையும் சேர்த்து நிறுத்திவைத்த அந்த ஊராருக்கு மனித சுபாவம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டம், ஐயாயிரத்துக்குக் குறையாத ஜனத்தொகையும் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாத வருமானமும் உள்ள ஊரை டவுன் பஞ்சாயத்தாக்கலாம் என்று வகுத்தது. நாம் இன்று பேரூராட்சி என்று வழங்கும் அமைப்புக்கு இது ஆதாரம். கிராமமும் அல்லாத நகரமும் அல்லாத, சந்தையும் பஸ் நிலையமும் உயர்நிலைப் பள்ளியும் நெல் வயலும் ஒன்றாக உள்ள நம் சிற்றூர்களுக்கு இது மிகப் பொருத்தமான ஏற்பாடு. 2022ஆம் ஆண்டுத் தேர்தலின்போது தமிழ்நாட்டில் 490 பேரூராட்சிகள் இருந்தன.

இந்த அமைப்பு எவ்வளவு தள்ளாடியது என்பதற்கு ஒரு செய்தி சொல்கிறேன். 2004ஆம் ஆண்டில் ஓர் ஆணையால் 561 பேரூராட்சிகள் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றப்பட்டன. 2006ஆம் ஆண்டில் வேறோர் ஆணையால் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. கிராமங்களுக்கு மத்திய சர்க்கார் தரும் நிதி கிடைக்கும் என்பது முதல் மாற்றத்தின் நோக்கம். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் ஓர் ஊர் நகரமாக இருந்து கிராமமாகி மறுபடி நகரமாயிற்று. இடையில் அந்த ஊர்த் தெருவில் ஒரு கல்லும் நகரவில்லை. அவ்வூராரின் அபிப்பிராயத்தைக் கேட்டார்களா என்றால், பெயர்ப் பலகைக்கு வர்ணம் பூசுகிறவனுக்கு முதலில் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அண்மைக் காலத்தில் பல கிராம ஊராட்சிகளைப் பக்கத்து நகராட்சியோடும் மாநகராட்சியோடும் இணைப்பதாக அறிவிப்புகள் வந்தபோது, ஊர் ஜனங்கள், பெரும்பாலும் பெண்கள், கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனுவோடு வந்து நின்றார்கள். நகரமாக வளர விரும்பாத பட்டிக்காட்டார் என்று இவர்களை எளிதாக ஏளனம் செய்யலாம். அவர்கள் சொன்னதைக் கேட்டால் ஏளனம் வராது. நூறு நாள் வேலை என்று ஊர் வழங்கும் திட்டம் ஊராட்சிக்கு மட்டுமே உரியதாக இருந்தது. நகரமானால் அந்தக் கூலி நின்றுபோகும். வீட்டு வரி ஏறும், குழாய் வரி ஏறும். வீட்டுக்குப் பிளான் அனுமதி வாங்க அலையவேண்டிவரும். இழப்பு இன்னது என்று அவர்களுக்கு ரூபாய் அணாவில் தெரிகிறது. லாபம் இன்னது என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. அவர்களுக்கும் கடையடைத்த கறுப்பர் பட்டணத்தாருக்கும் இடையே முந்நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. கேள்வி ஒன்றாகவே இருக்கிறது.

சட்டம் இதைக் கவனிக்கவில்லையா என்று கேட்கலாம். கவனித்திருக்கிறது. 1993ஆம் ஆண்டில் அமலுக்கு வந்த எழுபத்து நான்காவது அரசியலமைப்புத் திருத்தம், நகர ஸ்தாபனங்களின் ஆயுள் ஐந்து ஆண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாகவேண்டும் என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதிவைத்தது. அதற்கு முன்னே சென்னை மாநகராட்சி 1973ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டு 1996ஆம் ஆண்டு வரையில் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் இருந்தது என்றால், அது பழங்கதை என்று ஒதுக்கலாம். ஆனால் திருத்தம் வந்த பிறகும், 2016ஆம் ஆண்டு அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நம் நகரசபைகளுக்கு 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. ஐந்தாண்டுக்கு மேல் தனி அலுவலர்கள் ஆண்டார்கள். வார்டு வரையறை, வழக்கு என்று காரணங்கள் இருந்தன. காரணங்கள் எப்போதும் இருக்கும். அந்த ஐந்தாண்டிலும் பில் கலெக்டர் அரையாண்டு தவறாமல் வீட்டு வாசலுக்கு வந்தார் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

ஆகவே ஓர் ஊரை நகரமாக்கும்போது முதலில் செய்யவேண்டுவன எவை என்று என்னைக் கேட்டால், புது அலுவலகக் கட்டடத்தையும் சேர்மன் காரையும் நான் கடைசியில் வைப்பேன். அறிவிப்பு வெளியாகும் முன்னே, இப்போது இவ்வூர் கொடுக்கும் வரி இவ்வளவு, இனிக் கொடுக்கவேண்டியது இவ்வளவு, அதனால் கிடைக்கும் தண்ணீரும் விளக்கும் சாக்கடையும் இன்னின்ன தெருவுக்கு இன்ன வருஷத்தில் என்று ஒரு தாளில் எழுதி ஊர்ப் பொதுக் கூட்டத்தில் படிக்கவேண்டும். நகரமாவதால் வேலை இழப்பவர்களுக்கு மாற்று என்ன என்பதும் அதே தாளில் இருக்கவேண்டும். தேர்தல் நடந்து சபை கூடும்வரை வரியை உயர்த்தக் கூடாது. உயர்த்துவதானால் அந்தச் சபையே உயர்த்தவேண்டும், அதற்கு வாக்களித்த கவுன்சிலர் தம் வார்டுக்குத் திரும்பிப் போய்க் காரணம் சொல்லவேண்டும். சைல்டு கண்ட உண்மையைப் பரீட்சிக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. செயல் அலுவலர் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கணக்குத் தெரிந்த, மாற்றலாகிப் போகக்கூடிய ஓர் உத்தியோகஸ்தர் சபைக்கு அருகில் இருப்பது நல்லதே. சபை கையெழுத்துப் போட, அவர் ஊரை நடத்துவதுதான் கூடாது.

ஊரார் தரப்பிலும் குறை உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. சாலைக்கும் விளக்குக்கும் மந்திரியிடம் மனுக் கொடுக்கிறோம். மூன்றாவது தெருவில் இருக்கும் கவுன்சிலரிடம் வரவு செலவைக் கேட்பதில்லை. கேட்டால் பகை வரும் என்று கூசுகிறோம், அல்லது அவர் நம் உறவு என்று விட்டுவிடுகிறோம். உத்திரமேரூர்ச் சாசனம் உறவுமுறையை ஏன் அவ்வளவு விரிவாக எழுதிற்று என்பது இப்போது விளங்கும்.

நகரப் பகுதிகளில் வார்டுக் குழுவும் பகுதி சபையும் அமைப்பதற்கு 2022ஆம் ஆண்டில் விதிகள் வெளியாயின. கிராம சபைக்கு உள்ளதுபோல நகரத்தாருக்கும் நேரில் கூடிக் கேட்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அந்தக் கூட்டங்களில் பல இடங்களில் மேடையில் இருப்பவர் தொகையும் எதிரில் இருப்பவர் தொகையும் ஏறக்குறையச் சமமாக இருப்பதைக் காண்கிறோம். உங்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. உங்கள் பகுதி சபை அடுத்து எந்தத் தேதியில் கூடுகிறது என்று நாளைக் காலையில் பேரூராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். அந்த நாளில் போய் உட்காருங்கள். போன வருஷத்து வரவு செலவுக் கணக்கைக் கேட்டு வாங்கி, உங்கள் தெருவுக்கு எதிரே எழுதியிருக்கும் தொகையைப் படித்துப் பாருங்கள்.